ஸ்டைன்ஸ் ஆடியது 264, இடைவிடாமல் ஆடியது 244

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் ஆஸ்திரேலியக் கால்பந்து வீரர் ஜிம் ஸ்டைன்ஸைப் பற்றி வந்த கட்டுரையை வியாசர்பாடியில் பலரும் படித்தோம். அந்த ஆட்டத்தைப் பற்றித் தமிழில் எழுத்து வருவதே அபூர்வம் என்பதால் முதலில் நன்றி. ஆனால் கட்டுரையில் இரண்டு எண்கள் பிசகியிருக்கின்றன. அதைவிட வருத்தம், 1987-ல் அவர் செய்த ஒரு பிழையும் கடைசிக் காலத்தில் வந்த நோயும் முக்கால்வாசி இடத்தை எடுத்துக்கொண்டதுதான். குட்டி பிரேசில் என்று பெயர் வாங்கிய இந்தப் பகுதியில் அந்தப் பக்கத்தைப் படிக்கும் பதினெட்டு வயதுப் பையனுக்கு உதவக்கூடியது 1984 முதல் 1991 வரை அவர் ஆட்டம் கற்றுத் தேறிய ஏழு ஆண்டுகள். அதைப் பற்றி இரண்டே வரிதான் இருந்தது.

எண்களை முடித்துவிடுகிறோம். ஸ்டைன்ஸ் மெல்பர்ன் அணிக்காக ஆடிய மொத்த ஆட்டங்கள் 264. "தொடர்ந்து 264" என்று அச்சானது தவறு. இடைவிடாமல் ஆடியவை 244. மீதி 20-ல் சில 1987-ன் தொடக்கத்தில் வந்தவை. சில, 1998-ல் கை எலும்பு முறிந்து அந்தத் தொடர் அறுந்த பிறகு ஆடியவை. அதற்கு முன்பு ரிச்மண்ட் அணியின் ஜாக் டைட்டஸ் 202 ஆட்டங்கள் தொடர்ந்து ஆடியிருந்தார். ஸ்டைன்ஸ் அதைத் தாண்டி வைத்த எண், அவர் ஓய்வு பெற்றுக் கால் நூற்றாண்டு ஆன பிறகும் நின்றது. இரண்டாவது, அயர்லாந்தில் பிறந்தவர்களில் அதிக ஆட்டம் ஆடியவர் இன்னும் ஸ்டைன்ஸ்தான் என்று கட்டுரை சொல்கிறது. ஜீலாங் அணியின் ஜாக் டூயி 2023-லேயே அவரைத் தாண்டிவிட்டார். டூயி 2024-ல் ஓய்வு பெறும்போது அவர் கணக்கு 288.

இனி அந்த ஏழு ஆண்டுகள். ஸ்டைன்ஸ் 1966-ல் டப்ளினில் பிறந்தவர். ஆடி வளர்ந்தது அயர்லாந்தின் சொந்த ஆட்டமான கேலிக் கால்பந்து. 1984-ல் அகில அயர்லாந்து இளையோர் பட்டத்தை வென்ற டப்ளின் அணியில் இருந்தார். அந்தச் சமயத்தில் மெல்பர்ன் அணியின் பயிற்சியாளர் ரான் பராசி, அயர்லாந்திலிருந்து பையன்களை வரவழைத்துப் புது ஆட்டம் கற்றுக்கொடுக்கும் திட்டம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, தேர்வு நடத்தி, படிப்புக்கும் வழி செய்து அழைத்துக்கொண்டார்கள். ஆஸ்திரேலியக் கால்பந்தைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. உயரம் இருக்கிறதா, ஓட முடிகிறதா, உயரத்தில் வரும் பந்தை எகிறிப் பிடிக்கக் கை பழகியிருக்கிறதா என்று பார்த்தார்கள். இதே வழியில் சற்று முன்னால் வந்த ஷான் வைட்டும் மெல்பர்னுக்கு 150 ஆட்டம் ஆடினார்.

1984 இறுதியில் ஸ்டைன்ஸ் வந்து இறங்கும்போது வயது 18. 1985 முழுக்க 19 வயதுக்கு உட்பட்டோர் அணியில் ஆடினார். 1986-ல் கீழ்நிலைப் போட்டிகளில் ஆடிய பிரான் கிளப்புக்கு அனுப்பப்பட்டார். முதல் அணியில் காலடி வைத்தது 1987-ல். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம் 1991-ல் கிடைத்தது. அப்போது வயது 25. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டவர்களில் அந்தப் பதக்கம் பெற்றவர் அவர் ஒருவரே. நம் ஊரில் 19 வயதுக்கு உட்பட்டோர் செலக்‌ஷனில் பெயர் வராத பையன் அந்த வாரமே ஹார்பர் வேலைக்கோ டெலிவரி வண்டிக்கோ போய்விடுகிறான். ஸ்டைன்ஸ் ஆட்டத்தின் அரிச்சுவடியைத் தொடங்கிய வயதில் இங்கே கதவைச் சாத்திவிடுகிறோம்.

எது எளிதாகக் கைவந்தது, எது வரவில்லை என்று பிரித்துப் பார்த்தால்தான் அந்த உழைப்பின் அளவு புரியும். கேலிக் ஆட்டத்தில் பந்து உருண்டை. அணிக்கு 15 பேர். குறுக்குக் கம்பத்தோடு கோல், அதற்குக் கீப்பர். ஆஸ்திரேலிய ஆட்டத்தில் பந்து நீள்வட்டம், 18 பேர், குறுக்குக் கம்பம் கிடையாது, கீப்பர் கிடையாது. ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பம். நடு இரண்டுக்கும் இடையே 6.4 மீட்டர். அதனூடே உதைத்தால் 6 புள்ளி. பக்கத்து இடைவெளியில் போனால் 1. மைதானம் 135 முதல் 185 மீட்டர் நீளம் வரை இருக்கலாம், அதாவது பெரிய கிரிக்கெட் மைதானம். இரண்டிலும் கையிலிருந்து பந்தை விட்டு உதைப்பது உண்டு, எகிறிப் பிடிப்பது உண்டு, நிற்காமல் ஓடுவதும் உண்டு. இந்த மூன்றையும் ஸ்டைன்ஸ் கையோடு கொண்டுவந்தார்.

கொண்டுவராதது மூன்று. முதலாவது பந்து. உருண்டைப் பந்தை எப்படிக் கைவிட்டாலும் உதை ஓரளவு சரியாகப் போகும். நீள்வட்டப் பந்து விழும்போது சாய்ந்தால் உதையும் சாயும். அந்த ஆட்டத்தின் அடிப்படை உதையை டிராப் பன்ட் என்பார்கள். வலது காலால் உதைப்பவர் பந்தை நெட்டுக்குப் பிடிக்க வேண்டும், இரண்டு உள்ளங்கையும் பக்கவாட்டில், விரல் விரிந்து. பந்தின் கீழ்முனை வலது தொடைக்கு நேராக இருக்க வேண்டும். இடது கை முதலில் விலகும். வலது கை பந்தை இடுப்பு உயரம் வரை இறக்கிக் கொண்டுபோய் விட்டுவிடும். பாதம் நீண்டு, கணுக்கால் இறுகி, ஷூவில் கயிறு கட்டும் இடம் பந்தின் கீழ்முனையில் படவேண்டும். சரியாகப் பட்டால் பந்து பின்பக்கமாகக் கரணம் போட்டபடி நேராகப் பறக்கும். பிடிப்பவருக்கும் அதுதான் எளிது.

புதிதாக வருபவர்களுக்குக் கெடுவது பெரும்பாலும் கையில்தான். மார்பு உயரத்திலிருந்து விட்டுவிடுவார்கள்; பந்து காலுக்கு வருவதற்குள் காற்றும் விரல் உரசலும் அதைச் சாய்த்துவிடும். வழிகாட்டும் கை ஒரு நொடிக்கு முன்பே விலகினாலும் இதே கதி. அடுத்த தவறு, காலை உடம்புக்குக் குறுக்கே வீசுவது. உருண்டைப் பந்தில் அது அழகான வளைவைத் தரும். இங்கே பந்து பக்கவாட்டில் சுழன்று எங்கேயோ போகும். கணுக்கால் தளர்ந்திருந்தால் தூரம் பாதியாகும். இதைத் திருத்த ஒரே வழி, ஓடிவராமல் நின்ற இடத்திலிருந்து 15 மீட்டரில் ஜோடியாக உதைத்துப் பழகுவது. பந்து பத்துக்கு ஒன்பது முறை நேராகக் கரணம் போட ஆரம்பித்த பிறகுதான் 20, 30 மீட்டருக்கு நகரவேண்டும். தூரத்தை அவசரமாகக் கூட்டினால் பழைய கால்வீச்சு திரும்பி வந்துவிடும். நம் கோல்கீப்பர்கள் கையிலிருந்து உதைக்கும்போது பெரும்பாலும் அந்தக் குறுக்கு வீச்சைத்தான் போடுகிறார்கள். ஆனாலும் எகிறிப் பிடிக்கும் பழக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால், கால்பந்து ஆடும் பையன்களில் இந்த ஆட்டத்துக்கு மிக அருகில் இருப்பவன் கீப்பர்தான்.

ஓடும்போது 15 மீட்டருக்கு ஒரு முறையாவது பந்தைத் தரையில் தட்டவேண்டும் என்று விதி. உருண்டைப் பந்து நேரே கைக்கு வரும். இதுவோ முனை எந்தச் சாய்வில் தரையில் படுகிறதோ அதைப் பொறுத்துத்தான் வரும். வேகம் கூடக்கூட இன்னும் முன்னால் தள்ளித் தட்டவேண்டும். கையால் பந்தை அனுப்புவதற்கும் கணக்கு உண்டு. ஒரு உள்ளங்கையில் வைத்து மறு முஷ்டியால் குத்தவேண்டும். எறிந்தால் எதிரணிக்கு ஃப்ரீ கிக்.

இரண்டாவது, பிடித்து வீழ்த்துவது. பந்து வைத்திருப்பவரைத் தோளுக்குக் கீழே முழங்காலுக்கு மேலே எங்கே வேண்டுமானாலும் கட்டிப்பிடித்து விழவைக்கலாம். விழும்போது கையை ஊன்றக் கூடாது, தோளை உருட்டிக் கொடுக்கவேண்டும். காசிமேட்டிலும் ராயபுரத்திலும் கபடி ஆடும் பிள்ளைகளுக்கு இதில் பாதி தெரியும்.

மூன்றாவதுதான் 1987-ல் அவரைக் கவிழ்த்தது. உதைத்த பந்தைத் தரையில் படாமல் பிடித்தாலோ ஃப்ரீ கிக் கிடைத்தாலோ, அந்த ஆட்டக்காரர் நிதானமாக உதைக்கலாம். எதிரணியில் ஒருவர் குறித்த இடத்தில் நிற்கலாம். மற்ற யாரும் உதைப்பவருக்கும் அவருக்கும் நடுவே குறுக்கிடக் கூடாது. செப்டம்பர் 1987, ஹாதார்ன் அணியுடன் அரையிறுதிக்கு ஒப்பான ஆட்டம். மெல்பர்ன் 4 புள்ளி முன்னிலை. 1964-க்குப் பிறகு அந்த அணி இறுதிக்கட்டத்துக்கு வந்த முதல் ஆண்டு. கடைசி நொடிகளில் ஹாதார்னின் கேரி பக்கனாராவுக்கு ஃப்ரீ கிக். கோலுக்கு 50 மீட்டருக்கு மேல் தூரம். ஸ்டைன்ஸ் அந்தத் தடைசெய்த இடத்தைக் குறுக்கே ஓடிக் கடந்தார். நடுவர் உதைக்கும் இடத்தை 15 மீட்டர் முன்னே நகர்த்தினார். சைரன் ஒலித்த பிறகு உதைத்த பந்து உள்ளே போனது, 6 புள்ளி, மெல்பர்ன் 2 புள்ளியில் தோற்றது. அடுத்த ஆண்டு அந்தத் தண்டனை தூரமே 50 மீட்டராகக் கூட்டப்பட்டது.

தங்கள் கட்டுரை இதை அவமானம் என்ற சொல்லால் முடித்துவிட்டது. பயிற்சியாளர்களின் கண்ணுக்கு இது வேறு. அது அவருடைய முதல் பருவம். பதினெட்டு வயது வரை கேலிக் ஆடிய உடம்பு, ஆள் நகர்ந்தால் பின்னால் ஓடும். காலும் கையும் இரண்டு மூன்று ஆண்டில் புது ஆட்டத்தைக் கற்றுக்கொள்கின்றன. களைப்பும் கூச்சலும் சேரும்போது கண் பழைய விதியைத்தான் பார்க்கிறது. ஆட்டம் மாறி வரும் எந்தப் பையனிடமும் இது கடைசியில்தான் சரியாகும். அதனால் விதிப் பயிற்சியை மேசையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் ஏறாது. பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடம், மூச்சு வாங்கும்போது, செட் பீஸ்களாக, அதாவது நின்ற பந்திலிருந்து தொடங்கும் கட்டங்களாக, ஆடவைத்தால்தான் ஏறும். ஃபுட்பாலில் ஆஃப்சைடு பொறியை இப்படித்தான் பழக்குகிறோம்.

அந்தத் தோல்வியும் மேலே சொன்ன 244-க்குள் இருக்கிறது என்பதைத் தங்கள் வாசகர்கள் கவனிக்கவேண்டும். அந்தத் தொடர் 1987 பருவத்தின் பிற்பகுதியில் தொடங்கிவிட்டது. அடுத்த ஆண்டு முதல் ஆட்டத்திலும் அவர் இருந்தார். அதே ஹாதார்னிடம் 96 புள்ளியில் தோற்ற 1988 இறுதி ஆட்டத்திலும் இருந்தார். 1998 வரை ஒன்றையும் விடவில்லை.

அவர் ஆடிய இடத்தையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் 244 என்பது வெறும் எண்ணாகப் போகும். ஸ்டைன்ஸ் 199 செ.மீ. உயரம், ரக்மேன். அவர் காலத்தில் நடுவர் பந்தைத் தரையில் அடித்து மேலே எழுப்புவார். இரு அணியின் ரக்மேன்களும் ஓடிவந்து எகிறி, தம் ஆளுக்குத் தட்டிவிடவேண்டும். ஆட்டம் முழுக்கப் பல முறை இது நடக்கும். எகிறும் இருவரின் முழங்காலும் மோதும், எதிராளியின் முட்டி விலாவில் இறங்கும். முழங்காலின் பின்புறத் தசைநார் கிழிவது ரக்மேன்களுக்கே உரிய காயம். அதனால்தான் ஓடிவரும் தூரத்தைக் கட்டுப்படுத்த 10 மீட்டர் வெளிவட்டம் வரைந்தார்கள்; அது ஸ்டைன்ஸ் ஓய்வு பெற்ற பிறகு வந்த விதி. அவர் காலத்தில் இன்னும் தூரத்திலிருந்து வந்து மோதினார்கள். வழக்கமாக ரக்மேன் தட்டிவிட்டு மெதுவாக நடப்பார். ஸ்டைன்ஸ் தட்டிய பந்தின் பின்னாலேயே ஓடினார், இன்னொரு நடுக்கள ஆட்டக்காரராக. கேலிக் ஆட்டம் கொடுத்த நுரையீரல் அது. நடுவர்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் 3, 2, 1 என்று தரும் ஓட்டில் முடிவாகும் பிரவுன்லோ பதக்கம் பெரும்பாலும் நடுக்களத்தாருக்கே போகும். ஒரு ரக்மேனுக்கு வந்ததற்குக் காரணம் அந்த ஓட்டம்தான். கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு நான்கு முறை, 1991-லும் பிறகு 1995 முதல் 1997 வரை வரிசையாகவும், கிடைத்தது. கடைசி மூன்றும் ஏறக்குறைய 30 வயதில் வந்தவை.

விலாக் குருத்தெலும்பு காயத்தோடும் பாதுகாப்புக் கவசம் கட்டிக்கொண்டு ஆடினார் என்பதைத் தங்கள் கட்டுரை வீரமாகச் சொன்னது. அதை நம் பிள்ளைகள் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் பின்னால் கிளப் மருத்துவரும் உடற்தகுதிச் சோதனையும் இருந்தன. தலையில் அடி விஷயத்தில் இன்றைய ஆஸ்திரேலிய விதி கறாரானது: மூளை அதிர்ச்சி என்று மருத்துவர் சொல்லிவிட்டால் தொழில்முறை ஆட்டக்காரரே குறைந்தது 12 நாள் ஆடக்கூடாது. இங்கே ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட்டில் தலையில் மோதி மயங்கி விழுந்தவன் முகத்தில் தண்ணீர் தெளித்து, இரண்டாம் பாதிக்கு இறக்கிவிடுகிறார்கள். இதைத் தங்கள் பத்திரிகை தனியாகவே எழுதவேண்டும்.

ஓய்வுக்கு முன்பே, 1994-ல், திரைத்துறையைச் சேர்ந்த பால் கரியுடன் சேர்ந்து இளைஞர்களுக்கான ரீச் அமைப்பை அவர் தொடங்கினார். 2008-ல் கடனில் மூழ்கியிருந்த மெல்பர்ன் கிளப்பின் தலைவரானார். 2009-ல் புற்றுநோய் தெரிந்த பிறகும் பதவியில் இருந்து, 2010-ல் கடனை அடைத்து முடித்தார். 2012 மார்ச் 20-ல், 45 வயதில் காலமானார். இவை தங்கள் கட்டுரையில் சரியாகவே இருந்தன.

வடசென்னைக்கு வருகிறோம். ஆஸ்திரேலியக் கால்பந்தை இங்கே கொண்டுவரவேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்த அளவு மைதானம் முல்லை நகர் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. ஆசைக்கு உதைத்துப் பார்க்க ரக்பி பந்து போதும். அது சற்றுப் பெரியது, அவ்வளவுதான். எங்கள் கோரிக்கை வேறு. 17 முதல் 20 வயது வரை ஒரு ஆட்டத்தில் தேர்வாகாத பிள்ளைகளை அளந்து பார்த்து இன்னொரு ஆட்டத்துக்கு அனுப்பும் ஏற்பாடு வேண்டும். கனடாவின் ரக்பி வீரர் மைக் பைக் இப்படி மாறி 2012-ல் சிட்னி அணியுடன் கோப்பை வென்றார். அமெரிக்கக் கூடைப்பந்து மாணவர் மேசன் காக்ஸ் 2023-ல் காலிங்வுட் அணியுடன் வென்றார். அளந்து பார்த்ததால்தான் காக்ஸ் கண்ணில் பட்டார்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளின் பொதுப்பிரிவுக்கு ஏற்கெனவே பிள்ளைகள் கூட்டமாக வருகிறார்கள். அங்கேயே நான்கு அளவுகளைக் குறித்துக்கொள்ளலாம். உயரம், வெறுங்காலில். குதி உயரம்: சுவரோரம் நின்று கை நீட்டிச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு, நின்ற இடத்திலிருந்து எகிறி ஒரு கோடு, இடைவெளியை அளந்து மூன்று முயற்சியில் சிறந்தது. 20 மீட்டர் ஓட்டம்: கை ஸ்டாப்வாட்ச்சில் அழுத்தும் விரலின் தாமதமே முடிவை மாற்றிவிடும், ஆகவே இரண்டு பேர் நேரம் பார்த்துச் சராசரி எடுக்கவேண்டும். பிறகு 2 கி.மீ. ஓட்டம். இதை நம் ஊரில் காலை 7 மணிக்குள் முடிக்காவிட்டால் வெயில்தான் அளக்கப்படும், பையன் அல்ல. ஓட்டத்தைக் கடைசியில் வைக்கவேண்டும். முதலில் வைத்தால் குதி உயரம் குறைந்துவிடும்.

குதி உயரமும் ஆள் உயரமும் உள்ளவன் வாலிபால், கூடைப்பந்துக்கு. உயரத்தோடு 2 கி.மீ. நேரமும் நன்றாக இருப்பவன் துடுப்புப் படகுக்கு. குட்டையாக, வேகமாக, மோதலுக்கு அஞ்சாதவன் ரக்பி, கபடிக்கு. பெண் பிள்ளைகளையும் இதே அளவுகளால் பார்க்கவேண்டும். அனுப்பியவுடன் முதல் அணியில் எதிர்பார்க்கக் கூடாது. ஸ்டைன்ஸுக்கு இரண்டு முழுப் பருவம் கீழ்நிலை ஆட்டத்திலேயே கழிந்தது, அந்தக் காலத்தில் தங்குமிடமும் படிப்பும் அவருக்கு இருந்தன. இங்கே அந்த இரண்டு ஆண்டுக்கு மாதந்தோறும் பஸ் பாஸும் ஒரு வேளைச் சாப்பாடும் ஒரு ஜோடி ஷூவும் இல்லாததால்தான் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள்.

பிழை திருத்தத்தை அடுத்த விளையாட்டுப் பக்கத்தில் வெளியிட்டு, 1984 முதல் 1991 வரையிலான அவருடைய பயிற்சிக் காலத்தைத் தனிக் கட்டுரையாகத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கால்பந்துப் பயிற்சியாளர்கள் சிலர்,
வியாசர்பாடி, சென்னை - 39.